மொரீஷியஸ் குடும்பங்களின் பூர்விகத்தைக் கண்டறிதல்: முழுமையான வழிகாட்டி

மொரீஷியஸ் தீவுக்கு ஆதிக்குடிகள் கிடையாது. இன்று அங்கே வாழும் ஒவ்வொரு குடும்பத்தின் முன்னோரும் வெளியிலிருந்து கப்பலில் வந்திறங்கியவர்களே. எனவே 'எங்கிருந்து வந்தோம்' என்ற கேள்விக்கு எல்லாக் குடும்பத்துக்கும் விடை உண்டு. பல குடும்பங்களுக்கு நான்கைந்து விடைகள் உண்டு. தஞ்சாவூர்ப் பாட்டனும் மொசாம்பிக் பாட்டியும் ஒரே குடும்பத்தில் இருப்பது அங்கே வியப்புக்குரிய செய்தி அல்ல.

இந்தத் தேடலில் இறங்குபவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் ஆவணம் இல்லாததால் அல்ல, வரிசை தவறுவதால்தான். குடும்பப் பெயரைப் பார்த்து ஊரை ஊகிப்பதும், மரபணுப் பரிசோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு அதற்கேற்ற முன்னோரைத் தேடுவதும் தலைகீழான வேலைகள். உயிரோடிருப்பவரில் தொடங்கி, ஒவ்வொரு தலைமுறையையும் ஆவணத்தால் கட்டிக்கொண்டு பின்னோக்கிச் செல்வதே கீழே உள்ள படிகளின் அடிப்படை.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில், யாருடைய வழியைத் தேடுகிறீர்கள் என்பதை ஒரே வரியில் எழுதிக்கொள்ளுங்கள்: 'என் தந்தையின் தாயின் தந்தைவழி' என்பதுபோல. ஐந்து தலைமுறை பின்னே போனால் ஒருவருக்கு 32 முன்னோர்கள் இருக்கிறார்கள். அத்தனை பேரையும் ஒரே நேரத்தில் தேடுபவர் ஒருவரையும் உருப்படியாகக் கண்டுபிடிப்பதில்லை.

பிறகு வீட்டில் உள்ள தாள்களைச் சேகரியுங்கள். பிறப்பு, திருமண, இறப்புச் சான்றுகள், ஞானஸ்நானச் சீட்டு, நிலப் பத்திரம், சர்க்கரை ஆலையில் வேலை செய்ததற்கான அட்டை, பழைய குடியேற்றச் சீட்டு ஆகியவற்றில் எதுவும் பயன்படும். குடியேற்றச் சீட்டு கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது; அதில் உள்ள எண்ணைப் பற்றி நான்காம் படியில் விரிவாகச் சொல்லியிருக்கிறேன்.

வீட்டு முதியவர்களிடம் பேசும்போது 'நம் ஊர் எது' என்று மட்டும் கேட்காதீர்கள். 'மதராஸ்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். எந்தத் தோட்டத்தில் வேலை செய்தார்கள், எந்தக் கோவில் தீமிதியில் காப்புக் கட்டினார்கள், வீட்டில் கும்பிடும் சாமிக்கு என்ன பெயர், துக்க வீட்டில் யார் முதலில் வருவார்கள் என்று கேளுங்கள். தோட்டத்தின் பெயர் அரசுப் பதிவேட்டில் இருக்கும், குலதெய்வத்தின் பெயர் இந்திய ஊரில் இருக்கும். இரண்டும் பின்னால் ஒன்றையொன்று உறுதிசெய்யும்.

2. குடிமைப் பதிவேடுகள் வழியாகப் பின்னோக்கிச் செல்லுங்கள்

மொரீஷியஸில் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றை அரசு பதிவுசெய்யும் முறை பிரெஞ்சு ஆட்சிக் காலத்திலேயே வந்துவிட்டது. இந்தப் பதிவுகளுக்குக் குடிமைப் பதிவு அலுவலகத்தை அணுக வேண்டும். அங்கே கேட்க வேண்டியது சுருக்கச் சான்று அல்ல, பதிவேட்டின் முழுப் பிரதி. சுருக்கத்தில் பெயரும் தேதியும் மட்டுமே இருக்கும். முழுப் பிரதியில் பெற்றோர், அவர்களுடைய வயது, தொழில், வசித்த தோட்டம், சாட்சிகள், ஓரக்குறிப்பு எல்லாம் வரும். 19ஆம் நூற்றாண்டின் இந்தியக் குடும்பங்களுக்கு இன்னொரு பலனும் உண்டு: பெற்றோர் இந்தியாவிலிருந்து வந்தவர்களாயின் அவர்களுடைய குடியேற்ற எண்ணும் பெரும்பாலும் அதே பதிவில் எழுதப்பட்டிருக்கும்.

ஒரு தலைமுறை நிறுவப்பட்ட பிறகே அடுத்ததற்குச் செல்லுங்கள். ஒரே ஊரில், ஒரே பத்தாண்டில், 'ராமசாமி' என்ற பெயரில் மூவர் இருப்பது சாதாரணம். பெயரும் தோட்டமும் துணையின் பெயரும் ஒருசேரப் பொருந்தினால்தான் அவரை உங்கள் முன்னோராகக் கொள்ளலாம்.

இங்கே புதியவர்களைத் திகைக்கவைக்கும் சிக்கல் ஒன்று உண்டு. கோவிலிலோ மசூதியிலோ நடந்த திருமணங்கள் பல அரசுப் பதிவேட்டில் ஏறவே இல்லை. அப்படிப்பட்ட தம்பதியின் பிள்ளைகள் திருமணத்துக்கு வெளியே பிறந்தவர்களாகவே பதிவாயினர். சில பதிவுகளில் தாயின் பெயர் மட்டுமே இருக்கும். அதைக் குடும்பத்துக்கு நேர்ந்த அவமானமாகக் கருதித் தேடலைக் கைவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அது சட்டத்தின் குறையே தவிர, அந்தத் தாயின் குறை அல்ல. தந்தையை அடுத்த பிள்ளைகளின் பதிவிலும், பிள்ளைகளின் திருமணப் பதிவிலும், தாயின் இறப்புப் பதிவிலும் தேடுங்கள்.

3. எந்த வழியில் வந்த குடும்பம் என்பதை முடிவுசெய்யுங்கள்

தீவுக்குள் கிடைக்கும் மிகப் பழைய பதிவை எட்டியதும் அந்த முன்னோர் எந்த வகையில் வந்தார் என்று தீர்மானிக்க வேண்டும். ஒவ்வொரு வகைக்கும் ஆவணக் குவியல் வேறு, அது இருக்கும் இடமும் வேறு. ஒப்பந்தத் தொழிலாளர், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர், சொந்தச் செலவில் வந்த வணிகர், சீனர், பிரெஞ்சுக் குடியேறிகள் என்பவை முக்கிய வகைகள்.

இன்றைய மதத்தையோ சமூகப் பெயரையோ வைத்து இதை முடிவுசெய்யாதீர்கள். மொரீஷியஸ் அரசியலமைப்பு மக்களை இந்து, முஸ்லிம், சீன மொரீஷியர், பொது மக்கள் என்று நான்காகப் பிரிக்கிறது. இது தேர்தலுக்கான பிரிவினை. பூர்விகத்தைச் சொல்வதற்கு ஏற்பட்டதல்ல. கத்தோலிக்கத்தைத் தழுவிய தமிழ்க் குடும்பமும், பிரெஞ்சு வம்சாவளியும், ஆப்பிரிக்க வம்சாவளியும் 'பொது மக்கள்' என்ற ஒரே பிரிவில் அடங்குகின்றன. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சமூகப் பிரிவைக் கேட்கும் வழக்கமும் 1972க்குப் பிறகு நின்றுவிட்டது.

'மலபார்' என்ற அடையாளமும் அப்படித்தான். அது கேரளத்தைக் குறிப்பதல்ல. தீவில் தென்னிந்தியர்களை, அதிலும் தமிழர்களை, அப்படி அழைத்தார்கள். 18ஆம் நூற்றாண்டில் புதுச்சேரிப் பக்கத்திலிருந்து கைவினைஞர்களாக வந்து போர்ட் லூயிஸில் தங்கியவர்களுக்கும் இதே பெயர்தான். எனவே 'மலபார்' என்று எழுதப்பட்ட முன்னோர் ஒப்பந்தத் தொழிலாளராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஆண்டைப் பாருங்கள்: 1834க்கு முன் தீவில் இருந்தவரை ஒப்பந்தத் தொழிலாளர் பதிவேட்டில் தேடுவது வீண்வேலை.

4. ஒப்பந்தத் தொழிலாளர் வழி: எண்ணைப் பிடியுங்கள்

1834 நவம்பரில் 'அட்லஸ்' கப்பலில் 36 பேர் வந்திறங்கியதில் தொடங்கி, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை நாலரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒப்பந்தத் தொழிலாளராக வந்தார்கள். 1849 முதல் அவர்கள் இறங்கியது போர்ட் லூயிஸ் துறைமுகத்தில் இன்று ஆப்ரவாசி காட் எனப்படும் குடியேற்ற டிப்போவில். வந்தவர் ஒவ்வொருவருக்கும், பெண்கள் உட்பட, ஓர் எண் கொடுக்கப்பட்டது. பெயர் எழுத்தருக்கு எழுத்தர் மாறும், வயது ஊகமாக இருக்கும், ஊர்ப்பெயர் சிதைந்திருக்கும். எண் ஒன்றே மாறாதது. ஆகவே இந்த வழியில் உங்கள் முழுக் கவனமும் அந்த எண்ணைக் கண்டுபிடிப்பதில்தான் இருக்க வேண்டும்.

எண்ணைத் தேடும் இடங்கள் இவை: வீட்டில் உள்ள சீட்டு, முன்னோரின் திருமணப் பதிவு, அவருடைய இறப்புப் பதிவு, தீவில் பிறந்த பிள்ளைகளின் பிறப்புப் பதிவு. நான்கிலும் இல்லையென்றால் அவருடைய துணையின் எண்ணைத் தேடுங்கள். கணவனும் மனைவியும் ஒரே கப்பலில் வந்திருந்தால் எண்கள் அருகருகே இருக்கக்கூடும்.

எண் கிடைத்ததும் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தை அணுகுங்கள். இந்தியக் குடியேற்றப் பதிவேடுகள் அங்கேதான் பாதுகாக்கப்படுகின்றன. வெறுங்கையோடு போகாமல், உங்களிலிருந்து அந்த முன்னோர் வரை இடைவெளியின்றி நீளும் சான்றுகளின் தொடரோடு போங்கள். பதிவேட்டில் சாதி, உடல் அடையாளம் போன்ற அந்தரங்கத் தகவல்கள் இருப்பதால் உறவை நிறுவுவது அவசியம். இதே தொடர் பின்னாலும் பயன்படும். மொரீஷியஸில் வாழும் ஏழாம் தலைமுறை இந்திய வம்சாவளியினர் வரை வெளிநாடுவாழ் இந்தியக் குடியுரிமை அட்டை பெற வழிசெய்யும் சிறப்பு ஏற்பாட்டை இந்திய அரசு 2024இல் அறிவித்தது. அதற்கு விண்ணப்பிப்பவர்களுக்கும் இந்தச் சான்றுகளே அடிப்படை.

பதிவில் பொதுவாகப் பெயர், தந்தை பெயர், வயது, உயரம், சாதி, அடையாளம், கப்பல், வந்த ஆண்டு, ஜில்லா, தாலுகா அல்லது பர்கானா (வட இந்தியாவில் தாலுகா போன்ற பிரிவு), கிராமம், அனுப்பப்பட்ட தோட்டம் ஆகியவை இருக்கும். 1867ஆம் ஆண்டுச் சட்டம் ஒப்பந்தம் முடித்தவர்களின் சீட்டில் புகைப்படம் ஒட்ட வேண்டும் என்றது; அதனால் 1860களுக்குப் பிறகு தீவில் இருந்த பலருக்குப் படமும் கிடைக்கும். அதற்கு முன்பே இறந்தவருக்கோ ஊர் திரும்பியவருக்கோ படத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

உங்கள் முன்னோரின் வரியை மட்டும் படியெடுத்துக்கொண்டு வந்துவிடாதீர்கள். அவருக்கு முன்னும் பின்னும் உள்ள பத்துப் பத்து எண்களையும் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். ஒரே ஊர்க்காரர்களை ஒரே ஆள்பிடிப்பவர் கூட்டிவந்திருப்பார். உங்கள் முன்னோரின் கிராமப் பெயர் படிக்க முடியாமல் இருந்தாலும், அடுத்தவருடைய வரியில் அதே பெயர் தெளிவாக இருக்கக்கூடும். படிக்கவே முடியாது என்று விடப்பட்ட ஊர்கள் பல இப்படித்தான் துலங்குகின்றன.

5. பெயர்களைக் காதால் படியுங்கள்

பெயரைச் சொன்னவர் தமிழர். எழுதியவர் ஆங்கிலமோ பிரெஞ்சோ பழகியவர். எனவே பதிவில் இருப்பது அவர் காதில் விழுந்த ஒலி. வாய்விட்டு உச்சரித்துப் பாருங்கள், கண் மட்டும் போதாது.

'அன்' என்று முடியும் பெயர்கள் 'என்' என்று முடியும்: ராமென், கோவிந்தென், வீரப்பென், சுப்ரமணியென். குப்பன் 'கூப்பென்' ஆகிறார், ஆறுமுகம் 'ஆர்மூகும்' ஆகிறார், முனுசாமி 'மூன்சாமி' ஆகிறார், வேலாயுதன் 'வலாய்டன்' ஆகிறார். கணபதியை ஆங்கில 'கே' வரிசையில் தேடிக் கிடைக்காதவர்கள் 'சி' வரிசையில் தேடினால் கிடைப்பார். மெய்யெழுத்தை இரட்டிப்பது, 'உ'கரத்தைப் பிரெஞ்சு முறைப்படி இரண்டு உயிரெழுத்துகளால் எழுதுவது போன்ற வேறுபாடுகளை எல்லாம் ஒரு தாளில் பட்டியலிட்டுக்கொண்டு தேடுங்கள்.

அடுத்த பிழை இதைவிடப் பெரியது. தமிழ், போஜ்புரி பேசும் முன்னோர்களுக்குக் குடும்பப் பெயர் என்ற ஒன்று இருக்கவில்லை. தந்தையின் பெயரோ பாட்டனின் பெயரோ தீவில் குடும்பப் பெயராக உறைந்துவிட்டது. ஆகவே இன்று ஒரே குடும்பப் பெயர் உள்ள இருவர் உறவினர் என்று சொல்ல முடியாது. ஒரே தாய் தந்தைக்குப் பிறந்த அண்ணன் தம்பியின் வழிகளே இரு வேறு குடும்பப் பெயர்களோடு இருக்கலாம். 'பிள்ளை', 'நாயுடு' போன்ற பின்னொட்டுகளையும் தனிச் சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தீவில் வந்து சேர்ந்த பட்டங்களும் உண்டு.

சாதிக் கட்டத்தில் எழுதியிருப்பதையும் அளவோடு நம்புங்கள். அங்கே 'மலபார்' என்றும், தெலுங்கரைக் குறிக்கும் 'ஜென்டூ' என்றும் பொதுப்பெயர்கள் எழுதப்பட்டதுண்டு. ஆள்பிடிப்பவர் சொல்லிக்கொடுத்ததும், வந்தவரே மாற்றிச் சொன்னதும் சேர்ந்தே இருக்கும். வயதுக்கு ஐந்து ஆண்டு முன்பின் இடம் கொடுங்கள்.

6. ஊர்ப்பெயரை இன்றைய வரைபடத்தில் பொருத்துங்கள்

துறைமுகம் வேறு, ஊர் வேறு. 'மதராஸ்' என்பது கப்பல் ஏறிய இடம். அதே கப்பலில் தமிழரும் தெலுங்கரும் ஏறியிருப்பார்கள். 'கல்கத்தா' என்று எழுதப்பட்டவர் பெரும்பாலும் வங்காளி அல்லர். பிகாரின் ஆரா, சப்ரா, கயா பக்கமோ, இன்றைய உத்தரப் பிரதேசத்தின் காஜிப்பூர், ஆசம்கர் பக்கமோ இருந்து வந்தவராக இருப்பார். 'பம்பாய்' என்பவர் ரத்னகிரியைச் சேர்ந்த மராத்தியராக இருக்கலாம். எந்த இடத்திலும் துறைமுகப் பெயரைப் பூர்விகம் என்று எழுதி முடித்துவிடாதீர்கள்.

ஜில்லாவிலிருந்து கிராமத்துக்கு இறங்கும்போது பழைய மாவட்ட எல்லைகளை வைத்துக்கொள்ளுங்கள். பதிவில் உள்ள 'தஞ்சாவூர்' இன்றைய நாகப்பட்டினம், திருவாரூர், மயிலாடுதுறை மாவட்டங்களையும் உள்ளடக்கியது. 'தென்னாற்காடு' என்றால் கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி மூன்றையும் தேட வேண்டும். 'சேலம்' என்பதில் தருமபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் எல்லாம் அடங்கும். கள்ளக்குறிச்சிக்கு அருகே உள்ள ஓர் ஊரைச் சேலம் பக்கம் தேடிக்கொண்டிருப்பது இன்றைய வரைபடத்தை மட்டும் பார்ப்பவர்கள் செய்யும் பிழை.

பழைய எழுத்துமுறையையும் பழகிக்கொள்ளுங்கள். 'டிரினோமலி' திருவண்ணாமலை, 'காம்பகோணம்' கும்பகோணம், 'வெர்டாசெல்லம்' விருத்தாசலம், 'காஞ்சீவரம்' காஞ்சிபுரம். 'புதூர்', 'நல்லூர்', 'புதுப்பேட்டை' போன்ற பெயர்களில் எண்ணற்ற ஊர்கள் இருப்பதால் தாலுகா தெரியாமல் அவற்றை உறுதிசெய்யவே கூடாது. தாலுகா தெரிந்தபின் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் 19ஆம் நூற்றாண்டு நிலவரித்திட்டப் பதிவேடுகளைக் கேட்டால் அக்காலத்து ஊர்ப்பெயர் அங்கே இருந்ததா என்பது தெரிந்துவிடும். முன்னோரின் பெயரை அதில் எதிர்பார்க்காதீர்கள். கப்பல் ஏறியவர்களில் பெரும்பாலோருக்குப் பட்டா நிலம் இருந்திருந்தால் அவர்கள் ஏறியிருக்கவே மாட்டார்கள்.

7. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழி

இது கடினமான வழி, ஆனால் அடைபட்ட வழி அல்ல. அடிமைமுறை மொரீஷியஸில் 1835 பிப்ரவரி 1 அன்று ஒழிக்கப்பட்டது. அப்போது 60 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அடிமைகளாக இருந்தார்கள். 1815 தொடங்கி எடுக்கப்பட்ட அடிமைப் பதிவேடுகள் லண்டன் கியூவில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பெயர், வயது, தொழில், உயரம், உடல் அடையாளம், பிறந்த நாடு ஆகியவை அவற்றில் உண்டு.

ஆனால் பதிவேடு உடைமையாளரின் பெயர்வரிசையில் அடுக்கப்பட்டது. உடைமையாளர் யார் என்று தெரியாமல் உள்ளே நுழைந்தால் வெளியே வர முடியாது. எனவே 1835க்குப் பிந்தைய முதல் பதிவில் உள்ள தோட்டத்தின் பெயரைப் பிடியுங்கள். அந்தத் தோட்டம் அப்போது யாரிடம் இருந்தது என்பதை நிலப் பத்திரங்களிலும், விடுதலைக்காக உடைமையாளர்களுக்கு அரசு கொடுத்த இழப்பீட்டுக் கணக்குகளிலும் கண்டுபிடியுங்கள். அதன்பின் பதிவேட்டுக்குச் செல்லுங்கள். இழப்பீடு அடிமைகளுக்கு அல்ல, அவர்களை வைத்திருந்தவர்களுக்குக் கொடுக்கப்பட்டது என்பதை நினைத்தால் கசக்கத்தான் செய்யும். ஆனால் அந்தக் கணக்கினால்தான் இன்று உடைமையாளர் பெயர் கிடைக்கிறது.

அடிமைகளுக்குப் பெரும்பாலும் ஒற்றைப் பெயரே இருந்தது. விடுதலைக்குப் பின் அந்த ஒற்றைப் பெயரே குடும்பப் பெயரானதும் உண்டு. ஆகவே 1835ஐக் கடக்கும்போது இன்றைய குடும்பப் பெயரை ஒருவரின் முதற்பெயராகவும் தேடிப் பாருங்கள். 'மொசாம்பிக்' என்று எழுதப்பட்டிருந்தால் அது கப்பல் ஏற்றப்பட்ட கரை. அவர் உள்நாட்டில் வெகு தொலைவிலிருந்து நடத்திக் கொண்டுவரப்பட்டிருக்கலாம். இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகளும் இந்தப் பட்டியல்களில் இருக்கிறார்கள். கிரியோல் குடும்பத்தில், அதாவது அடிமைகளின் வழிவந்த கலப்பு வம்சாவளிக் குடும்பத்தில், இந்திய முன்னோர் என்றதும் ஒப்பந்தத் தொழிலாளரை மட்டும் நினைப்பவர்கள் இவர்களைத் தவறவிடுகிறார்கள்.

8. சீனர், வணிகர், பிரெஞ்சுக்காரர்

சீனக் குடும்பங்களுக்குக் கல்லறையே முதல் ஆவணம். சீன எழுத்துக் கல்வெட்டில் மாவட்டமும் ஊரும் பொறிக்கப்பட்டிருப்பது வழக்கம். இன்றைய குடும்பப் பெயர் பல வீடுகளில் முதலில் வந்தவரின் முழுப்பெயர். அதன் முதல் அசைதான் உண்மையான குலப்பெயர். பெரும்பாலோர் குவாங்டாங் மாகாணத்து ஹக்கா மக்கள், ஒரு பகுதியினர் கான்டனியர். எந்தக் குலச் சங்கத்தில் பாட்டனார் உறுப்பினர் என்பதைக் கேட்டாலே பாதி விடை கிடைக்கும்.

குஜராத்தி முஸ்லிம் வணிகர்களும் தமிழ் வணிகர்களும் பயணக் கட்டணம் கொடுத்து வந்தவர்கள். அவர்களுக்குக் குடியேற்ற எண் கிடையாது, தேடி ஏமாற வேண்டாம். கடை உரிமம், கூட்டு வணிகப் பத்திரம், மசூதி அல்லது கோவில் நன்கொடைப் பட்டியல் ஆகியவற்றைப் பாருங்கள்.

பிரெஞ்சு வழியில் திருச்சபைப் பதிவேடுகளும் நோட்டரி ஆவணங்களும் ஏராளமாக இருப்பதால் தனி விளக்கம் வேண்டியதில்லை. மொரீஷியஸ் தேசிய ஆவணக் காப்பகத்தையும், பிரான்சின் எக்ஸ்-ஆன்-புரோவான்ஸில் உள்ள கடல்கடந்த பகுதிகளுக்கான ஆவணக் காப்பகத்தையும் அணுகினால் போதும்.

9. மரபணுப் பரிசோதனை, அதன் இடத்தில்

தாள்கள் நின்றுவிட்ட இடத்தில்தான் இதற்கு வேலை. நிறுவனங்கள் தரும் சதவீத வரைபடம் அவர்களிடம் உள்ள ஒப்பீட்டு மாதிரிகளைப் பொறுத்தது. மாதிரி கூடும்போது உங்கள் பூர்விகமும் மாறியதுபோலத் தோன்றும். 'தென்னிந்தியா' என்பதைத் தாண்டித் தாலுகாவை எந்தப் பரிசோதனையும் சொல்லாது.

கிரியோல் குடும்பத்தாரின் முடிவில் தென்கிழக்காசியப் பங்கு வந்தால் உடனே சீனப் பாட்டனைத் தேட வேண்டாம். மடகாஸ்கர் மக்களே ஆப்பிரிக்க, தென்கிழக்காசிய மூதாதையர் கலந்தவர்கள் என்பதால் அந்தப் பங்கு அவ்வழியாக வந்திருக்கும் வாய்ப்பு மிகுதி. சதவீதத்தைவிட, ஒத்துப்போகும் நபர்களின் பட்டியலே பயனுள்ளது. அதிலும் கவனம் தேவை: தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்துக்குள் மணம் செய்த தமிழ்க் குடும்பங்களில் தூரத்து உறவினரும் நெருங்கிய உறவினர்போலக் காட்டப்படுவார்.

10. ஊருக்குச் செல்லும் முன்

தாலுகாவும் கிராமமும் உறுதியான பிறகே பயணச்சீட்டு எடுங்கள். ஊரில் கிராம நிர்வாக அலுவலரையும், கோவில் பூசாரியையும், வயதில் மூத்த ஒருவரையும் சந்திக்க ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். முதல் பேச்சிலேயே நிலத்துக்கோ வீட்டுக்கோ பங்கு கேட்டு வரவில்லை என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து வாரிசு என்று ஒருவர் வந்து நின்றால், பாகம் கேட்பாரோ என்ற அச்சத்தில் தெரிந்ததையும் தெரியாது என்று சொல்லிவிடுவார்கள்.

முன்னோரின் பெயரை நீங்களே முதலில் சொல்லிவிடாதீர்கள். 'இந்த ஊரிலிருந்து கப்பலுக்குப் போனவர்கள் யாராவது உண்டா' என்று கேட்டு, அவர்கள் வாயிலிருந்து பெயரோ குலதெய்வமோ வருகிறதா என்று பாருங்கள். நீங்கள் சொன்ன பெயரை விருந்தோம்பலுக்காக ஆமோதிப்பவர்கள் ஊருக்கு ஊர் இருப்பார்கள். முதற்படியில் வீட்டு முதியவர் சொன்ன சாமியின் பெயரும் ஊரார் தாமாகச் சொல்லும் பெயரும் ஒன்றாக இருந்தால் அதைத் தேதியோடும், சொன்னவரின் வயதோடும் எழுதிக்கொள்ளுங்கள். வேறாக இருந்தால் அதையும் அப்படியே எழுதி, 'உறுதியாகவில்லை' என்று குறித்து, பதிவேட்டின் பிரதிக்குப் பக்கத்தில் வைத்துவிடுங்கள்.